உயிர்கள் எத்தனை

விக் நகரில் மழை படுத்துக்கொண்டு பெய்கிறது.
காற்று அதை நிற்க விடுவதில்லை.

மிஸஸ் கன் தேநீர் வைத்தாள்.
தூக்கினேன். சாஸரில் கிணுகிணுவென்று சத்தம்.
“பாவம், பயந்துவிட்டாய் டில்லி” என்றாள்.
தில்லைநாயகி அவள் வாய்க்குள் நுழையவில்லை,
பாஸ்போர்ட்டைப் பார்த்து மூன்று தரம் முயன்றாள்.
பயமில்லை, மிஸஸ் கன். இது தோள்பட்டை வலி.

ரேக்யவிக்கை விட்டு இரண்டு மணி நாற்பது நிமிடம்.
ஒற்றை எஞ்சின்.
பின்னிருக்கைகளைக் கழற்றிய இடத்தில்
ஒரு அலுமினியத் தொட்டி,
என் பிடரியில் பெட்ரோல் மூச்சு விடும் ஒரே பயணி.
ஸ்டுட்கார்ட்டில் ஒரு பல் டாக்டர் வாங்கிய விமானம்.
கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.
கூரியர்க்காரி, அவ்வளவுதான்.

எஞ்சின் நின்றது.
இருமவில்லை, செருமவில்லை.
விக் என்ற ஊருக்குப் போகிறவளுக்கு
ஒரு விக்கலாவது கேட்டிருக்க வேண்டாமா?
கரண்ட் போன வீட்டு ஃபேன் போல
விசிறி தன்பாட்டுக்குச் சுற்றியது.

முதலில் பற. பிறகு எங்கே என்று பார். பேச்சு கடைசி.
பேச்சை முதலில் வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான்.

மூக்கைத் தாழ்த்தினேன். அறுபத்தைந்து நாட்.
தொட்டியிலிருந்து இறக்கைக்குத் திருகினேன்.
பம்ப் விளக்கு எரியவில்லை.
ஒன்பதாயிரம் அடி, எட்டாயிரத்து இருநூறு,
மேகம், மேகத்துக்குள் இன்னும் மேகம்,
ஏழு.
மிதவைப் படகை மடிக்கு இழுத்தேன்.
ரப்பர் உடையின் ஜிப்பைத் தாடைவரை ஏற்றினேன்.
அது ஏறி முடிந்த நொடியில்தான்
கடல் என்ற சொல்லுக்கு ஈரம் வந்தது.

எனக்கு மேலே, வெகு மேலே,
டொரோண்டோவுக்குச் சோறும் சினிமாவும்
சுமந்து போனது ஒரு பெரிய விமானம்.
அதை ஓட்டியவர் என் குரலை வாங்கி
ஸ்காட்லாந்துக்குக் கொடுத்தார்.
ஸ்காட்லாந்தின் கேள்வி அவர் வழியாக இறங்கி வந்தது:
உயிர்கள் எத்தனை?

ஆட்கள் என்று கேட்பதில்லை.
உயிர்கள்.

முன் கண்ணாடியில் ஒரு ஈ.
ரேக்யவிக்கில் கதவைத் திறந்துவைத்து
சாண்ட்விச் தின்றபோது ஏறியிருக்க வேண்டும்.
உயரமானியின் முள் இறங்க இறங்க
அது கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது.
“ஒன்று” என்றேன்.
உடனே ஒரு கூச்சம்,
ரயிலில் அரை டிக்கெட்டை மறைத்த மாதிரி.

ஐந்தாயிரத்து நூறு.
நாலாயிரத்து எழுநூறு.
ஈ நின்று முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.
எனக்கும் கை பரபரத்தது, செய்ய எதுவும் மிச்சமில்லை,
இன்னொரு தரம் சாவியைத் திருப்புவதைத் தவிர.

நாலாயிரத்து நானூறில் ஒரு உதை.
பிறகு இன்னொன்று.
பிறகு தடதடவென்று
உலகத்திலேயே அழகான இரைச்சல்.
குழாயில் காற்று புகுந்திருந்தது. அவ்வளவுதான்.

“இன்னும் இருக்கிறாயா?” என்றார் மேலே இருந்தவர்.
“இருக்கிறோம்” என்றேன்.
அந்த ‘ஓம்’ யாரைச் சேர்த்தது என்று அவர் கேட்கவில்லை.
மேற்கே போய்விட்டார். பெயர்கூடத் தெரியாது.

செத்த பம்ப் செத்ததுதான்.
இருக்கைக்கு அடியில் கைப்பம்ப் இருந்தது,
நூறு இழுப்புக்குப் பத்து லிட்டர்.
இடக்கையால் எண்ணூற்றுப் பன்னிரண்டு இழுத்தேன்.
நடுவில் இரண்டு தரம் எண்ணிக்கை தப்பி
குறைத்தே வைத்துக்கொண்டேன்.
அந்தத் தோள்தான், மிஸஸ் கன்,
உங்கள் சாஸரோடு பேசியது.

மூடும் நேரம் தாண்டியும்
ஓடுபாதை விளக்கை அணைக்காமல் காத்திருந்தார் டூகல்.
இறங்கியதும் கட்டிப்பிடித்தார்.
பிறகு, விளக்கு எரிந்த கூடுதல் நேரத்துக்கு
ரசீது நீட்டினார்.

கதவைத் திறந்துவிட்டேன்.
ஈ விளிம்புவரை வந்து
படுத்திருந்த மழையைப் பார்த்தது,
திரும்பி உள்ளே போய்விட்டது.

நாளைக்குப் புது பம்ப் வரும்.
மதியம் ஸ்டுட்கார்ட்டுக்குப் பாதை கேட்க வேண்டும்.
“காலையில் முட்டை எத்தனை?” என்கிறாள் மிஸஸ் கன்.
ஒன்று போதும்.
கிண்ணத்திலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை
ஜாக்கெட் பையில் போட்டுக்கொள்கிறேன்.
பார்த்துவிட்டாள்.
சாஸரை எடுத்துக்கொண்டு போகிறாள்.